முதலில் தூக்கிய ஆள்

ஊர்க்காவலன் அண்ணன் செத்ததற்கு நான்தான் காரணம் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை. மாரிசெல்விக்கு வாய் நீளம் என்று கம்பெனி முழுக்கப் பெயர். அப்பேர்ப்பட்ட வாயை வைத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் முழுங்கி வைத்திருந்தேன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. திருத்தங்கலில் எங்கள் தெருக்காரர், லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிற லோடுமேன். அவர் மனைவி சண்முகத்தாய் எனக்கு மதினி. மதினியும் நானும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில், பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். நாலு பேர்தான் என்னும்போது அவரவர் வயிற்று வலி முதல் மாமியார் சண்டை வரை மற்ற மூன்று பேருக்கும் தெரிந்துவிடும். மதினி கொண்டுவரும் கத்திரிக்காய்க் குழம்பு எனக்கு. என் ரசம் அவளுக்கு. அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் போன பிறகு நான் போர்மேன் சங்கிலிமுத்துவிடம் போய், மருந்துப் பொடி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, லேபிள் ஒட்டுகிற பக்கம் மாற்றி விடுங்கள் என்று கேட்டேன். பதினோரு வருடம் ஒத்துக்கொண்ட பொடி இப்போது மட்டும் என்ன செய்தது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். அதற்குப் பிறகு மதினி வீட்டைத் தாண்டி நான் போவதில்லை. ரேஷன் கடைக்குக்கூடப் பின் சந்து வழியாகத்தான் போவேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் வந்ததோடு சரி, அந்த வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்திருந்த நேரத்தில், என் மகள் சினேகாவுக்குக் காது குத்த சாத்தூருக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போனோம். அவளுக்கு அப்போது நாலு வயது. இந்தா அந்தா என்று தள்ளிப் போட்டு, கடைசியில் ஊரையே மிதக்கவிட்ட அந்த மழையில்தான் நாள் குறித்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் மற்ற சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு முதல் வேனில் திரும்பிவிட்டார். அண்ணன், மதினி, பிள்ளை, நான் என்று பாத்திரம் பண்டங்களோடு மிச்சமிருந்த ஒன்பது பேர் அடுத்த வேனுக்காகக் காத்திருந்தோம். வேன் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது.

அண்ணன்தான் எங்களைக் கோயில் சமையல்கூடத்து மொட்டை மாடியில் ஏற்றினார். அங்கே படிக்கட்டு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஒவ்வொருவரையும் தன் தோளில் நிற்கவைத்து மேலே தள்ளினார். இருபது வருடம் லோடு ஏற்றிய தோள். என் மாமியார் தொண்ணூறு கிலோ இருப்பார், அவரையும் ஏற்றினார். கடைசியில் நாங்கள் சேலையை முறுக்கிக் கீழே விட்டு அவரை இழுத்துப் போட்டோம். மேலே வந்து உட்கார்ந்தவர், நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குகிறது என்றார். மதினி அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இரவு முழுக்க மழை விடவில்லை.

விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகு ஹெலிகாப்டர் வந்தது. விமானப்படையின் மீட்புப் பிரிவு என்று பிறகு தெரிந்துகொண்டோம். நாங்கள் கையாட்டினோம், கத்தினோம், அழுதோம். அது எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்று வந்து, மாடியின் மறு ஓரத்தில் டப்பா மாதிரி எதையோ போட்டது. டப்பா உருண்டது. அதிலிருந்து குபுகுபுவென்று ஆரஞ்சு நிறத்தில் புகை வந்தது.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்காதவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். புகையைக் கண்டால் எங்களுக்கு மூளை வேலை செய்யாது. கையும் காலும்தான் வேலை செய்யும். செருப்பில்லாமல் ஓடு, அல்லது ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கு, இரண்டில் ஒன்று. ஓட இடமில்லை. பிள்ளை வேறு பக்கத்தில் நிற்கிறாள். நான் நனைந்து கிடந்த அரிசிச் சாக்கை எடுத்து டப்பா மேல் போட்டுச் சுருட்டி, ஒரே எத்தாக வெள்ளத்தில் எத்திவிட்டேன். சாக்கும் புகையுமாக அது ஆற்றோடு போனது. அண்ணாந்து பார்க்கிறேன், ஹெலிகாப்டரும் திரும்பிப் போகிறது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதற்காகப் போட்ட புகை அது என்று பிறகு யாரோ சொன்னார்கள். ஹெலிகாப்டர் மறுபடி வருவதற்குள் ஒரு யுகம் போனதுபோல இருந்தது. அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உயிர் இல்லை. வராந்தாவில் நின்ற கூட்டத்தில் ஒரு ஆள், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பாரு" என்றார். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை என் மேல் இறக்கி வைத்துவிட்டு, தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதினி வீட்டிலிருந்து ஆள் வந்தது. அன்றைக்குக் கயிற்றில் இறங்கி எங்களைத் தூக்கிய பையன் வந்திருக்கிறானாம். மாடியில் இருந்தவர்களைப் பார்க்க வேண்டுமாம். தலைவலி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சினேகாவின் உயிரை மீட்டவன் தெருவுக்கே வந்திருக்கும்போது தலைவலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு போனேன்.

அவன் பெயர் ஃபரீத். சார்ஜெண்ட். அன்றைக்கு ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகப் பூதம் மாதிரி இருந்தான். இப்போது பார்த்தால் சட்டைப் பையில் பேனா குத்திய சாதாரணப் பையன். விருதுநகர்க்காரன். அவன் அத்தாவுக்கு அங்கே பருப்பு மண்டி. மதினி அவனுக்கு நாற்காலி போட்டு, தான் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "வா மாரி" என்றாள். அவ்வளவுதான். நான் வாசல் நிலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"எங்க யூனிட்டு ஆரம்பிச்சு அறுபது வருசமாச்சுக்கா," என்றான் ஃபரீத். "அதுக்கு ஒரு புத்தகம் போடுதாக. அச்சடிக்கிறதுன்னா வேற எங்க போக? இங்கன திருத்தங்கல்ல ஒரு பிரஸ்லதான் ஓடப் போகுது. புரூஃப் பாக்க என்னைய அனுப்பிச்சாக."

பையிலிருந்து தாள்களை எடுத்துக் காட்டினான். முதல் பக்கத்தில் ஒரு கூடாரமும் இரண்டு சின்ன ஹெலிகாப்டர்களும் இருந்தன. அவைதான் தொடக்கமாம். ஆறு பேர் உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிற வண்டிகள் என்றான். படகு கவிழ்ந்து நடுக்கடலில் மரத்துண்டைப் பிடித்துக்கொண்டிருந்த மீனவர்கள், புயலில் பனைமரத்தில் ஏறிக்கொண்ட ஒரு தகப்பனும் மகனும், சுனாமி, மலையில் காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கயிற்றில் இறங்கிப்போய்த் திரும்பாத இரண்டு பேரின் படங்கள் தனிப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தை மட்டும் அவன் சீக்கிரம் புரட்டிவிட்டான்.

"இம்புட்டு பேரைத் தூக்கியிருக்கோம், ஆனா யாரு பேரும் எங்ககிட்ட கிடையாதுக்கா. கேக்கறதுக்கு அங்கன ஏது நேரம்? ரிஜிஸ்டர்ல தலைக்கணக்கு மட்டும் இருக்கும். இந்தப் புத்தகத்துல கொஞ்சம் பேருக்காச்சும் பேரைப் போடுவோம்னு பெரிய ஆபீசர் சொல்லிட்டாரு. உங்க ஒன்பது பேரையும் நான் கேட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டேன்."

எங்களைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததை அவன் தமிழில் சொன்னான். ஹெலிகாப்டரிலிருந்து கயிறு இறங்கும்போது அதில் கரண்ட் சேர்ந்திருக்கும். கயிறு தரையைத் தொட்டு அந்தக் கரண்ட் இறங்கிய பிறகுதான் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடித்த ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அன்றைக்கு இவன் இறங்கும்போது மாடியில் இருந்த அத்தனை பேரும் இவன் காலைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டோம். மதினி ஒருத்திதான், "தொடாதீக! மொதல்ல அது தரையத் தொடட்டும்!" என்று கத்தினாள்.

"நான் மூணு மாசம் கிளாஸ்ல படிச்சதை இந்த அக்கா மாடியில நின்னு சொல்லுதாகளேன்னு அசந்து போனேன்," என்றான்.

இதில் அசர என்ன இருக்கிறது? எங்கள் கம்பெனியில் ஒவ்வோர் அறை வாசலிலும் செம்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்டு உடம்பிலுள்ள கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பதினோரு வருடம் நானும் மதினியும் அதைத் தொட்டிருக்கிறோம். ஒரே கம்பெனி, ஒரே பழக்கம். அவள் பழக்கம் எட்டுப் பேரைக் காப்பாற்றியது, என் பழக்கம் அவள் புருசனைக் கொன்றது. அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"அதனால உங்க பேரையும் அண்ணன் பேரையும் பெரிய எழுத்துல போடணும்னு ஆசைக்கா," என்றான் ஃபரீத் மதினியிடம்.

மதினி தலையைத் தூக்கவில்லை. "எம் பேரைப் போடாதீக தம்பி," என்றாள். "அதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை."

எனக்குள் ஏதோ அறுந்தது. "உனக்கு யோக்கியதை இல்லையா மதினி? அப்ப என்னைய என்ன செய்யணும்?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. சாக்கு, புகை, எத்தியது, ஹெலிகாப்டர் திரும்பிப் போனது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ஆள் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். "அண்ணனைக் கொன்னது நான்தான். அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் எதுக்க உக்கார முடியாமத்தான் லேபிள் பக்கம் போனேன். பொடியும் இல்லை, மண்ணும் இல்லை."

ஃபரீத் முதலில் சிரித்துவிட்டான். "அந்தச் சாக்கு அக்கா நீங்கதானா! எங்க யூனிட்டுல இன்னமும் உங்களைப் பத்திப் பேசுவாகக்கா." பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

"எம்புட்டு நேரம் ஆச்சு தம்பி, திரும்பி வாரதுக்கு?" என்றேன்.

"நாலு நிமிசம். மறுபடி ஒரு சுத்து வந்து, தண்ணிமேல காத்து அடிக்கிறதைப் பாத்து இறக்கினோம்."

நாலே நிமிடம். நான் அரை மணி நேரம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. "நாலு நிமிசத்துல ஒரு உசுரு போவாதா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் மதினியைப் பார்த்தான்.

மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி மாரி," என்றாள். "இதையா ரெண்டு வருசமா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சே?"

"வேற எதை?"

"ஹெலிகாப்டர் சத்தம் கேக்கும்போது அவுக உசுரோட இல்லட்டி. விடியறதுக்கு முன்னாடியே போய்ட்டாக. என் மடியிலதான் போனாக. கை சில்லுன்னு ஆயிருச்சு. நீ பிள்ளைக்கு என் முந்தானையப் பிழிஞ்சு தலையத் துவட்டிக்கிட்டு இருந்தே. அண்ணனுக்கு எப்படி இருக்குன்னு கேட்டே. தூங்குதாகன்னு சொன்னேன்."

அவள் அப்படிச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. நான் அப்போது, நல்லா தூங்கட்டும் என்றேன்.

"செத்துட்டாகன்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிருவாகன்னு பயந்தேன். எல்லாரையும் தூக்கிட்டு, பொணந்தானே, தண்ணி வடிஞ்சதும் எடுத்துக்கலாம்னு சொல்லுவாகல்ல? அந்த வெள்ளத்துல, ஒத்தையில அவுகளை எப்படி விட்டுட்டு வருவேன்? அதான் தம்பி இறங்கி வந்து யாரை மொதல்ல தூக்கன்னு கேட்டப்ப, இவுகளைத் தூக்குங்க, மூச்சு வாங்குதுன்னு பொய் சொன்னேன்." அவள் குரல் தேய்ந்தது. "உன் பிள்ளை நின்னுச்சு மாரி. தண்ணி மாடிய எட்டிருச்சு. நாலு வயசுப் பிள்ளையக் காக்க வச்சுட்டு, பொணத்தை மொதல்ல அனுப்பினேன். கயிறு மறுபடி இறங்கறதுக்குள்ள தண்ணி பிள்ளைய அடிச்சுட்டுப் போயிருந்தா? அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீ என் மூஞ்சில முழிக்கலைன்னு நினைச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அது பிள்ளைக்காக வந்த ஆத்திரம் இல்லை. இரண்டு வருடம்! பின் சந்தில் சாக்கடையைத் தாண்டித் தாண்டி ரேஷன் கடைக்குப் போன இரண்டு வருடம். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்று கத்தினேன். "நீ வந்திருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள் அவள். அண்ணனை முதலில் தூக்குங்கள் என்று அன்றைக்கு அவளோடு சேர்ந்து கத்தியதும் நான்தான். அதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது நினைவில்லை.

ஃபரீத் புரூஃப் தாள்களை மடியில் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கியதையே மறுபடி அடுக்கினான்.

"தம்பி," என்றாள் மதினி. "உங்களை ஏமாத்திட்டேன். அரசாங்கத்து ஆளை ஏமாத்தினது தப்புத்தான். புத்தகத்துல எப்படிப் போடணுமோ அப்படிப் போட்டுக்கோங்க."

"நீங்க என்னைய ஏமாத்தலைக்கா," என்றான் அவன். "பெல்ட்டை மாட்டும்போதே எனக்குத் தெரியும்."

மதினி நிமிர்ந்தாள்.

"உடம்பு விறைச்சிருந்துச்சு. உசுரோட இருக்கவகளைத்தான் மொதல்ல தூக்கணும், அதான் எங்க சட்டம். அதுலயும் சின்னப் பிள்ளைக மொதல்ல. பைலட்டுகிட்ட சொல்லணும்னு மைக்கைத் தொட்டுட்டேன். அப்பத்தான் நீங்க எங் கையப் பிடிச்சு ஒண்ணு சொன்னீக. ஞாபகம் இருக்கா?"

மதினி இல்லை என்று தலையாட்டினாள்.

"'தம்பி, அவுகளுக்கு உசரம்னா பயம். மெதுவா கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னீக. அதுக்கப்புறம் நான் என்னத்தைச் சொல்ல? மயங்கிட்டாருன்னு மேல சொன்னேன். மேல வந்த பெறகு பைலட்டு திரும்பிப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கலை. தப்புத்தான்க்கா. அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா என்னைய நானே மன்னிச்சிருக்க மாட்டேன். அதை இறக்கி வைக்கணும்னுதான் புரூஃபைச் சாக்கா வச்சு வந்தேன்." கடைசிச் சொற்களை என்னைப் பார்த்துச் சொன்னான்.

எல்லோருக்கும் மன்னிப்பு வழங்குகிற இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த வேலை தெரியாது. "பிள்ளை ரெண்டாங் கிளாஸ் போகப் போறா தம்பி. வாய் என்னையவிட நீளம். வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க," என்றேன்.

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மதினி சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். புருசன் செத்த அன்றைக்கும் பதினாறாம் நாளிலும் அவள் அழவில்லை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. கல் மனசு என்றார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

"மெதுவாத்தான் கூட்டிட்டுப் போனீகளா?" என்று அவள் கேட்டாள்.

"மெதுவாத்தான்க்கா. வழக்கமா போற வேகத்துல பாதிதான். இன்னொரு பெல்ட்டும் போட்டு, என் நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டேன்."

"ஆடலையே?"

"கொஞ்சம் ஆடுச்சு. காத்துல ஆடத்தான் செய்யும்."

"ஆடினா அவுகளுக்கு ஆகாது," என்றாள்.

ஃபரீதின் முகம் சிவந்தது.

"பேசிக்கிட்டே போனேன்க்கா," என்றான். "கீழ பாக்காதீகண்ணே, என்னையப் பாருங்க, இன்னும் கொஞ்சந்தான் இருக்குன்னு. மேல போற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

மதினி அழுதாள். நான் வாசல் நிலையை விட்டு எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.